பெயருக்கு மூன்று தலைமுறை, உயிருக்கு முடிவில்லை: கரையோர வாழ்வில் உயிருணர்வோடு இருக்கும் முறை

ராமேஸ்வரம் அக்னி தீர்த்தக் கரையில் முன்னோருக்கு எள்ளும் தண்ணீரும் விடும்போது புரோகிதர் மூன்று பெயர் கேட்பார். அப்பா, தாத்தா, பூட்டன். தாய்வழியிலும் அப்படியே. பலர் மூன்றாவது பெயரிலேயே தடுமாறி, ஈரத் துணியோடு நின்று ஊருக்குப் போன் போட்டு அத்தையிடமோ பெரியப்பாவிடமோ கேட்கிறார்கள். நாலாவது பெயரை யாரும் கேட்பதில்லை, யாருக்கும் தெரிவதுமில்லை. அந்த நாலாமவரும் கடன் பட்டிருப்பார், வலை கிழிந்ததற்கு வயிறெரிந்திருப்பார், பந்தியில் தன்னைக் கவனிக்கவில்லை என்று கோபித்து எழுந்து வந்திருப்பார். "நான் இன்னார்" என்று அவர் ஆயுள் முழுக்கச் சுமந்த பெயர் மூன்று தலைமுறையில் கரைந்துவிட்டது. அதைச் சுமந்த உயிர் கரையவில்லை, அதற்குத் தொடக்கமே இல்லை என்பது சைவத்துக்கும் வைணவத்துக்கும் பொதுவான நிலை.

கோயில் வாசலில் நின்று இதை ஒத்துக்கொள்வது எளிது. மீன் ஏலத்தில் விலை அடிபடும்போதும், பிள்ளையின் கல்லூரிக் கட்டணத்துக்குக் கடைசி நாள் நெருங்கும்போதும் இது நினைவில் நிற்பதுதான் கடினம். அதற்கு ஒரு வேலைமுறை வேண்டும். நாள் ஒன்றுக்கு மொத்தம் 20 நிமிடம் போதும். ஆனால் விட்டு விட்டுச் செய்தால் பலன் இல்லை.

உயிர் என்று எதைச் சொல்கிறோம்

முதலில் சரக்கு தெளிவாக இருக்க வேண்டும். தெளிவில்லாமல் "நான் உடம்பில்லை, நான் உடம்பில்லை" என்று சொல்லிக்கொண்டிருந்தால் பத்தே நாளில் சலித்துவிடும்.

மெய்கண்டார் 13ஆம் நூற்றாண்டில் அருளிய சைவ சித்தாந்த நூலான சிவஞானபோதம் 12 சூத்திரம் கொண்டது. அதில் மூன்றாவது சூத்திரம், உடம்புக்குள் உயிர் என ஒன்று தனியே உண்டு என்பதற்குக் காரணங்களை அடுக்குகிறது. நம் பயிற்சிக்கு அவற்றில் மூன்று போதும். "என் உடம்பு" என்று சொல்கிறோம். தன் படகை "என் வல்லம்" என்று சொல்கிறவன் வல்லம் ஆகமாட்டான். அடுத்தது, அசந்து தூங்கும்போதும் மூச்சு ஓடிக்கொண்டுதான் இருக்கிறது, ஆனால் அப்போது ருசியும் இல்லை, வேலையும் இல்லை; ஆகவே மூச்சையும் உயிர் என்று சொல்ல முடியாது. மூன்றாவதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள்: உயிர் தானாக எதையும் அறிவதில்லை, உணர்த்தினால் உணர்கிறது. எனவே அது கடவுளும் இல்லை. "நானே சிவம்" என்று அவசரப்பட்டுச் சொல்பவர்களிடம் அடக்கம் வளர்வதற்குப் பதில் திமிர் வளர்வதை நிறையவே பார்க்கலாம். சைவ சித்தாந்தத்தில் உயிர் என்றென்றும் இருக்கும், ஆனால் என்றென்றும் சார்ந்தே இருக்கும்.

அந்தச் சார்புதான் எல்லாச் சிக்கலுக்கும் வேர். உயிருக்கு "சார்ந்ததன் வண்ணமாதல்" என்று ஒரு குணம் உண்டு, அதற்குச் சொல்லும் உவமை பளிங்கு. ராமநாதசுவாமி கோயிலில் விடியற்காலை ஸ்படிக லிங்க தரிசனத்துக்கு வரிசையில் நிற்கும்போது நினைத்துப்பார்க்கலாம். ஸ்படிகத்துக்குத் தனி நிறம் கிடையாது. பக்கத்தில் செம்பருத்தியை வைத்தால் சிவக்கும், எடுத்துவிட்டால் தெளியும். உயிர் கோபத்தைச் சார்ந்தால் "நான் கோபக்காரன்" என்கிறது, கடனைச் சார்ந்தால் "நான் கடன்காரன்" என்கிறது. கடன் உண்மைதான், அடைக்கத்தான் வேண்டும். உயிரின் நிறம் கடன் என்பதுதான் பிழை.

முதல் மூன்று நாள்: நோட்டு

40 பக்க நோட்டு ஒன்று போதும். நடுவில் கோடு போடுங்கள். மூன்று நாளைக்கு, "நான்" என்று தொடங்கிச் சொன்ன, நினைத்த வாக்கியங்களை இடப்பக்கம் எழுதுங்கள். "நான் கறுப்பு", "நான் பத்தாவது ஃபெயில்", "நான் இல்லாட்டி இந்த வீடு ஓடாது", "நான் ராசியில்லாதவ". வலப்பக்கம் அந்த "நான்" எதில் போய் ஒட்டியிருக்கிறது என்று ஒரே சொல்லில்: உடம்பு, படிப்பு, உறவு, தொழில், சாதி, பணம், நோய், மனநிலை. ஒரு நாளைக்குப் பத்து வாக்கியத்துக்குக் குறையாமல் எழுதுங்கள். வேலை நடுவில் எழுத முடியாதவர்கள் செல்போனில் குரலாகப் பதிந்து ராத்திரி எழுதலாம்.

மூன்றாம் நாள் முடிவில் வலப்பக்கத்தை எண்ணிப் பாருங்கள். ஒவ்வொருவருக்கும் "நான்" போய் ஒட்டும் இடம் ஒன்றிரண்டுதான் திரும்பத் திரும்ப வரும். ஒருவருக்கு உறவு, ஒருவருக்கு மரியாதை. இனிவரும் பயிற்சி முழுதும் அந்த ஒன்றிரண்டு இடத்தில்தான். எல்லா இடத்திலும் ஒரே நேரத்தில் கை வைத்தால் ஒன்றும் நகராது.

இங்கே நடக்கும் தவறு: எழுதுவதைப் படித்துவிட்டு வெட்கப்பட்டு, "நான்" என்ற சொல்லையே விட முயல்வது. வேண்டாம். பேச்சில் "நான்" இருக்கட்டும். அது எங்கே நிற்கிறது என்று தெரிந்தால் போதும்.

விழிப்பு: இரண்டு நிமிடம்

சூரியன் உதிப்பதற்கு 96 நிமிடம் முன்பு தொடங்கி 48 நிமிடம் நிற்பது பிரம்ம முகூர்த்தம். கிடைப்பவர்களுக்கு அது நல்ல நேரம். ஆனால் நள்ளிரவில் கடலுக்குப் போய்க் காலையில் கரை சேர்கிறவருக்கு விழிப்பு பகல் 12 மணிக்குத்தான், அவருக்கு அதுவே காலை. குற்ற உணர்வு வேண்டியதில்லை.

கண் திறந்ததும் செல்போனைத் தொடாதீர்கள். கிடந்தபடியே மூன்று மூச்சு. அந்த மூன்று மூச்சுக்குள் எது எந்த வரிசையில் வருகிறது என்று பாருங்கள். முதலில் வெறுமனே "இருக்கிறேன்" என்ற உணர்வு. பிறகு இடம்: பாய், மின்விசிறி, வெளியே அலைச் சத்தம். பிறகு பெயர். பிறகு அன்றைய வேலை. கடைசியில் நேற்றைய கவலை வந்து மார்பில் உட்காரும். இவை எல்லாம் சில நொடிக்குள் வரிசையாக ஏறிவிடுகின்றன. பெயருக்கு முன்னால் ஒரு "இருக்கிறேன்" இருந்ததே, அதைப் பிடிப்பதுதான் இந்தப் பயிற்சி. முதல் வாரம் பிடிபடாது. பெரும்பாலும் கவலை உட்கார்ந்த பிறகுதான் ஞாபகம் வரும். வந்த இடத்திலிருந்து பின்னோக்கிப் போங்கள்: கவலைக்கு முன் என்ன, அதற்கு முன் என்ன. அதுவும் கணக்கில் சேரும். அலாரச் சத்தம் கடுமையாக இருந்தால் இது நடக்காது, தூக்கிவாரிப் போட்ட மனம் நேரே கவலையில்தான் இறங்கும். மெல்லிய சத்தமாக மாற்றிக்கொள்ளுங்கள்.

திருநீறும் ஜபமும்: பத்து நிமிடம்

குளித்து முடித்து, வடக்கோ கிழக்கோ பார்த்து நின்று, வலக்கையின் நடு மூன்று விரலால் திருநீறு. கீழே சிந்தக் கூடாது. பூசும்போது ஒரே நினைவு போதும்: இந்த உடம்பு முடிவில் ஆகப்போவதை இப்போதே நெற்றியில் வைக்கிறேன், வைக்கிறவன் அதில் அடங்கமாட்டான். திருமண் இடுபவர்களுக்கு அது குறிக்கும் பெருமாளின் பாதங்களே நினைவு.

பிறகு சம்மணமிட்டு உட்கார்ந்து ஜபம். ஐந்தெழுத்தை "சிவாயநம" என்று மாற்றிச் சொல்லும்போது அதில் உயிரின் முகவரியே இருக்கிறது. சி என்பது சிவம், வ என்பது அருள், ய என்பது உயிர், ந என்பது மறைப்பாற்றல், ம என்பது மலம், அதாவது உயிரைப் பற்றிய அழுக்கு. நடுவில் நிற்கும் யகரம் நீங்கள். ஒரு பக்கம் சிவமும் அருளும், மறுபக்கம் மறைப்பும் மலமும். எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்த நிறம். தீட்சை பெற்றவர்கள் குரு கொடுத்தபடியே சொல்லுங்கள். பெறாதவர்கள் "நமசிவாய" அல்லது "சிவ சிவ" சொல்லலாம், உயிரின் இடம் இதுதான் என்ற பொருள் மனத்தில் இருந்தால் போதும். வைணவத்திலும் இதே போல ஒரு முகவரி உண்டு: பிரணவத்தில் அகாரம் பெருமாள், மகாரம் உயிர், "நம" என்பதற்கு "எனக்கு உரியது இல்லை" என்று பொருள் சொல்வார்கள்.

எண்ணிக்கை 108. ஒரு முறைக்கு ஐந்து நொடி வைத்தால் 540 நொடி, அதாவது 9 நிமிடம். 54 மணி மாலை என்றால் இரண்டு சுற்று. மாலையின் தலைமணியான மேரு மணியைத் தாண்டாமல் மாலையைத் திருப்பிக்கொள்ள வேண்டும். நான்கு நிமிடத்தில் 108 முடிந்துவிட்டால் வாய்தான் ஓடியிருக்கிறது. தூக்கம் வந்தால் காரணம் பெரும்பாலும் மூன்றில் ஒன்று: சாப்பிட்ட உடனே உட்கார்ந்தது, சுவரில் சாய்ந்தது, ராத்திரி கடலில் கண் விழித்தது. முதல் இரண்டுக்கும் நேரத்தையும் இடத்தையும் மாற்றுங்கள். மூன்றாவதுக்குத் தூங்கித்தான் எழ வேண்டும். தூக்கத்தோடு சண்டை போட்டு ஜபம் செய்வதில் புண்ணியம் எதுவும் கூடுவதில்லை.

தினமும் ஏன்? கடலோர வீடுகளில் செம்புக் குடம் வைத்திருப்பவர்களுக்கு இது சொல்லித் தெரிய வேண்டியதில்லை. புளியும் கல் உப்பும் போட்டுத் தேய்த்து, கழுவி, துணியால் ஒற்றி வைத்தால் சூரியன் போல மின்னும். இரண்டு நாள் உப்புக் காற்று பட்டதும் கழுத்து வளையத்தில் பச்சை அரும்பும், பிறகு அடிப்பாகத்தில் பரவும். குடத்தில் கோளாறு இல்லை, நேற்றுத் தேய்த்ததும் வீண் இல்லை. செம்புக்குக் களிம்பு எப்படியோ அப்படி உயிருக்கு ஆணவம் என்று சித்தாந்தம் சொல்கிறது, அதுவும் உயிரைப் போலவே அநாதி, தொடக்கமில்லாதது. ரசகுளிகை பட்டு செம்பு பொன்னான பிறகுதான் களிம்பு அறவே போகும் என்பது அதன் தொடர்ச்சி. அந்தக் குளிகை திருவருள், அது நம் கையில் இல்லை. புளி போட்டுத் தேய்ப்பது நம் கையில். "இத்தனை மாதம் ஜபம் செய்தும் நேற்று வீட்டில் கத்திவிட்டேனே" என்று நொந்து நிறுத்துகிறவர்கள் இந்தக் குடத்தை எடுத்து ஒருமுறை விளக்கிப் பார்க்க வேண்டும்.

ஏலத்தில்

பகல் நேரத்துக்கென்று தனியாக உட்கார வேண்டியதில்லை. ஒரே ஒரு இடத்தைத் தேர்ந்தெடுங்கள், நோட்டில் அதிகம் வந்த இடத்தை. கரையில் பலருக்கு அது ஏலம்தான். நண்டும் கணவாயும் கூறு போட்டுக் கிடக்கின்றன. முன்பணம் கொடுத்த வியாபாரி நிற்கிறார், அவருக்குத்தான் போட வேண்டும், அவர் சொன்னதுதான் விலை. கழுத்து நரம்பு புடைக்கிறது. அந்த நொடியில் செய்ய வேண்டியது மூன்று. கால் பாதத்தில் மணல் படுவதைக் கவனித்து ஒரு மூச்சு. "கோபம் வருகிறது" என்று மனத்துக்குள் சொல்லி ஒரு மூச்சு. "நான் கோபப்படுகிறேன்" என்று சொல்ல வேண்டாம், வித்தியாசம் சிறியது போலத் தெரியும், ஆனால் அதில்தான் எல்லாம். மூன்றாவது மூச்சில் யகரம். மொத்தம் 15 நொடி.

பிறகு விலையைப் பேசுங்கள். அடித்துப் பேசுங்கள். உயிருணர்வு வந்தால் ஏமாந்துதான் போக வேண்டும் என்று எந்தச் சாத்திரமும் சொல்லவில்லை. எடைத் தராசைச் சரிபார்ப்பது, கணக்குச் சீட்டை வாங்கி வைப்பது, சங்கத்தில் முறையிடுவது எல்லாம் செய்ய வேண்டியவை. கொதிப்பு இல்லாமல் பேசுகிறவனுக்குக் கணக்கு மறக்காது என்பது இதில் கிடைக்கும் கூடுதல் நன்மை. "எல்லாம் மாயை, விடு" என்று தோள் குலுக்குவது மரத்துப்போதல். மரத்துப்போனவர் வீட்டுக்குப் போனதும் அதே கோபத்தைச் சின்னப் பிள்ளை மேல் காட்டுவார். கவனித்துப் பாருங்கள், சோற்றுத் தட்டுச் சத்தத்திலேயே தெரிந்துவிடும்.

வீட்டிலிருக்கும் பெண்களுக்கு அந்த இடம் பெரும்பாலும் "இவ்வளவும் நான்தான் செய்கிறேன், ஒருத்தரும் கண்டுக்கிறதில்லை" என்ற வாக்கியமாக இருக்கும். முறை அதேதான். ஆனால் வேலையைப் பங்கு போடச் சொல்வதையும் விட வேண்டாம். பொறுமை என்ற பெயரில் ஒருவர் தலையிலேயே எல்லாவற்றையும் கட்டுவதற்கு ஆன்மிகத்தைச் சாக்காக்கக் கூடாது.

"அடியேன்" என்ற சொல்லின் வேலை

திருப்புல்லாணி சரணாகதித் தலம். இலங்கையில் வீடு, உறவு, பதவி எல்லாவற்றையும் விட்டுவிட்டு நாலு பேரோடு வந்து நின்ற விபீஷணனை இந்தக் கடற்கரையில்தான் நினைக்கிறோம். அவனிடம் அப்போது எந்த அடையாளமும் மிச்சமில்லை, எதிரியின் தம்பி என்ற ஒன்றைத் தவிர. அதோடுதான் ஏற்றுக்கொள்ளப்பட்டான். "நான் யார்" என்ற கேள்வியை வைணவம் "நான் யாருக்கு உரியவன்" என்று மாற்றிக் கேட்கிறது. அதற்கான கருவிதான் "அடியேன்".

வாரத்தில் ஒரு நாள், ஒரு மணி நேரம், மனத்துக்குள் வரும் ஒவ்வொரு "நான்"-ஐயும் "அடியேன்" என்று மாற்றிப் பாருங்கள். வாய்விட்டுச் சொல்ல வேண்டாம், வெளியே சொன்னால் நாடகம் ஆகிவிடும். "அடியேனுக்குப் பசிக்கிறது" என்ற வாக்கியம் நிற்கும். "அடியேன் வலை பின்னுகிறேன்" நிற்கும். "அடியேனை மதிக்காமல் போய்விட்டான்" என்று சொல்லிப் பாருங்கள், அந்த வாக்கியம் நட்டுக்குத்தலாக நிற்க முடியாமல் தானே சரிந்துவிடும். அடியேனுக்கு ஏது மரியாதைக் குறைவு? எந்த வாக்கியம் சரிகிறதோ அது ஒட்டிக்கொண்ட நிறம், எது நிற்கிறதோ அது வாழ்க்கைக்கு வேண்டியது. சைவர்களும் இதைச் செய்யலாம், அடிமை என்ற உறவு அங்கும் உண்டு.

இரவு: எட்டு நிமிடம்

படுத்தபடி, நாளைப் பின்னோக்கி ஓட்டுங்கள். படுக்கையிலிருந்து சாப்பாடு, சாயங்காலம், மத்தியானம், விழிப்பு என்று. "நான்" ஒட்டிய இடம் வந்தால் பெயர் மட்டும் சொல்லுங்கள்: "இங்கே அப்பனாக இருந்தேன்", "இங்கே கடன்காரனாக இருந்தேன்". திட்ட வேண்டாம், மன்னிக்கவும் வேண்டாம். ஐந்து நிமிடம் போதும். நடுவில் தூங்கிப்போனால் பரவாயில்லை, மறுநாள் தூக்கம் வருமுன் கொஞ்சம் சீக்கிரம் தொடங்குங்கள்.

மீதி நேரம் புலன்கள் அடங்குவதைப் பார்ப்பது. சித்தாந்தக் கணக்கில் நனவில் புலன், மனம் போன்ற 35 கருவிகள் வேலை செய்கின்றன, கனவில் 25, உறக்கத்தில் 3, பேருறக்கத்தில் 2, உயிர்ப்படக்கத்தில் 1. எண்களை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை, சுருங்கிக்கொண்டே போகிறது என்பது தெரிந்தால் போதும். ஒவ்வொரு ராத்திரியும் உடம்பையும் பெயரையும் கழற்றி வைத்துவிட்டுத்தான் தூங்குகிறோம், பயமில்லாமல். கண் முதலில் விடும், பிறகு தோல், கடைசியில் காது. பாம்பனிலும் மண்டபத்திலும் இருப்பவர்களுக்குக் கடைசிச் சத்தம் கடல்தான்.

கண்டிப்பாகச் செய்யக் கூடாதவை

படகு ஓட்டும்போதும், வண்டி ஓட்டும்போதும், வலை இழுக்கும்போதும் கண்மூடித் தியானம் வேண்டாம். சின்னப்பாலம், ஏர்வாடிப் பக்கம் கண்ணாடி மாட்டி முங்கிப் பாசி எடுக்கும் பெண்கள், மூச்சடக்கும் நேரத்தில் ஜப எண்ணிக்கை வைக்கவே கூடாது. எண்ணிக்கையை முடிக்கும் ஆசையில் மேலே வரத் தாமதமானால் உயிருக்கே ஆபத்து. தண்ணீருக்கு மேலே வந்து மூச்சு சீரான பிறகு ஒருமுறை நாமம் சொன்னால் போதும்.

சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரையை "உடம்புதானே" என்று நிறுத்துவது இந்த வழியில் நடக்கும் மிகப் பெரிய முட்டாள்தனம். வல்லம் நீங்கள் இல்லை என்பதற்காக ஓட்டை அடைக்காமல் விடுவீர்களா? மாத்திரை எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் விரதமும் இருக்கக் கூடாது.

"உடம்பு நான் இல்லை" என்பது சிலருக்கு வேறு மாதிரி திரும்பிவிடும். எதுவும் நிஜமில்லை போலத் தோன்றுவது, சாவு நல்லது என்ற எண்ணம், சாப்பாடு தூக்கம் இல்லாமல் போவது. இது ஞானம் இல்லை, நோய். பயிற்சியை அன்றே நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் எந்த நேரமும் தமிழில் பேசலாம்.

கடலுக்குப் போனவர் திரும்பாத வீட்டில் போய் "உயிர் அழியாது" என்று சொல்லாதீர்கள். குறைந்தது பதினாறாம் நாள் காரியம் முடியும் வரை. உடல் கிடைக்காத வீட்டில் அந்தக் காரியமே தள்ளிப்போகும், காத்திருப்பார்கள். அங்கே உங்கள் வேலை சோறு கொண்டுபோவதும், பக்கத்தில் உட்காருவதும், மனுக்களை எழுதிக் கொடுப்பதும். உயிருணர்வு உள்ளவர் அழக் கூடாது என்று விதி எதுவும் இல்லை. அழுகை உடம்பின் வேலை, அதைச் செய்யவிட வேண்டும்.

இன்னொன்று, மெல்ல வரும் ஆபத்து. ஆறேழு மாதத்தில் நோட்டில் புதிதாக ஒரு "நான்" முளைக்கும்: "நான் ஆன்மிகத்தில் இருக்கிறேன், இவர்களெல்லாம் உலகத்தில் கிடக்கிறார்கள்." எல்லா நிறத்திலும் அழுத்தமானது இதுதான். மற்ற நிறங்களை நாமே சந்தேகப்படுவோம், இதைச் சந்தேகப்பட மாட்டோம். வந்தால் நோட்டில் இடப்பக்கம் எழுதுங்கள், வலப்பக்கம் "ஆணவம்" என்று எழுதுங்கள்.

இந்தக் கரையில் இஸ்லாமியரும் கிறிஸ்தவரும் நிறைய. ஐந்து வேளைத் தொழுகையும், காலை மாலை ஜெபமும் நாளைத் தடுத்து நிறுத்தி நினைவூட்டும் வேலையை அழகாகவே செய்கின்றன. ஆனால் அந்த மரபுகளில் ஆன்மா இறைவனால் படைக்கப்பட்டது, சைவத்தில் அது அநாதி. இரண்டையும் கலந்து புதிதாக ஒன்றைச் சமைக்காமல், அவரவர் வழியில் அவரவர் பெரியவரைக் கேட்டு நடப்பதே சரி.

தீர்த்தமாடும் நாள்

ஆடி, தை அமாவாசையில் கூட்டம் நெரியும். பயிற்சிக்கென்று போகிறவர்கள் சாதாரண மாதத்து அமாவாசையைத் தேர்ந்தெடுக்கலாம். முதல் நாளே பூட்டன் பெயர் வரை கேட்டு எழுதி எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் அக்னி தீர்த்தக் கடலில் முழுக்கு, தர்ப்பணம். பிறகு அதே ஈரத் துணியோடு கோயிலுக்குள் 22 தீர்த்தம். பிறகுதான் உலர்ந்த துணி மாற்றிச் சன்னிதி. ஈரத்தோடு சன்னிதிக்கு விட மாட்டார்கள், மாற்றுத் துணியை மறக்காதீர்கள். கல்தளம் வழுக்கும், வயதானவர் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

போவதற்கு முன் நோட்டிலிருந்து 22 "நான்" எழுதிப் பாருங்கள். அப்பன், மகன், மாமன், வீட்டுக்காரர், வாக்காளர், சங்க உறுப்பினர், கடன்காரர், முதுகுவலிக்காரர் என்று. எழுதும்போதே சரக்கு தீர்ந்துவிடும். தீர்ந்த இடத்தில் நிறுத்துங்கள், இழுத்து நிரப்ப வேண்டாம். மகாலட்சுமி தீர்த்தத்திலிருந்து ஒவ்வொரு வாளித் தண்ணீர் தலையில் விழும்போதும் ஒன்றை மனத்தில் சொல்லி விடுங்கள். பட்டியல் முடிந்த பிறகு மிச்சமிருக்கும் தீர்த்தங்களில் சொல்ல ஒன்றும் இருக்காது. தண்ணீர் விழும், குளிரும், அதை அறிகிறவர் இருப்பார். கோடி தீர்த்தம் வரை அப்படியே போங்கள். வெளியே வந்து துணி மாற்றும்போது அப்பன், மாமன், கடன்காரர் எல்லோரும் திரும்ப ஏறிக்கொள்வார்கள். ஏறட்டும், அந்த வேலைகளைச் செய்ய அவர்கள் வேண்டும்தானே. இப்போது அவர்களை உடுத்தியிருக்கிறீர்கள்.

அமைதியாக உட்கார இடம் தேடுகிறவர்களுக்கு ராமநாதபுரத்தில் தாயுமானவர் சமாதி இருக்கிறது. சும்மா இருப்பதையே பெரிய சுகமாகப் பாடியவர் அடங்கிய இடம். அரை மணி நேரம் எதுவும் சொல்லாமல் இருந்துவிட்டு வாருங்கள்.

கால அளவு

முதல் சுற்று 48 நாள், ஒரு மண்டலம். நடுவில் ஒரு நாள் விட்டுப்போனால் மறுநாள் தொடருங்கள், முதலிலிருந்து எண்ணாதீர்கள். முதலிலிருந்து எண்ணத் தொடங்கியவர்களில் பலர் எப்போதுமே பத்தாம் நாளைத் தாண்டுவதில்லை. காற்று பலக்கும்போது நங்கூரக் கயிற்றைக் கூடுதலாக விடுவது போல, நோய், கடன், சண்டை என்று நாள் கலங்கும்போது ஜபத்தைக் குறைக்காமல் இன்னொரு 108 கூட்டுங்கள். கயிறு குட்டையானால் நங்கூரம் தரையைப் பிடிக்காமல் இழுபடும்.

விசைப்படகுத் தொழிலில் இருப்பவர்களுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையான 61 நாள் தடைக்காலம் இதற்கென்றே அமைந்தது போல. ஒரு மண்டலம் முடிந்து 13 நாள் மிச்சம் இருக்கும். வலை பழுது பார்ப்பதும், படகுக்கு வண்ணம் அடிப்பதும் கைக்கு வேலை கொடுக்கும், நாவுக்கு நாமம். வருமானம் இல்லாத மாதங்கள் என்பதால் வீட்டில் சச்சரவும் கூடும். நோட்டுக்கு அப்போதுதான் சரக்கு நிறையச் சேரும். ஜூன் 15 முதல் படகு இறங்கிவிட்டால் 20 நிமிடம் கிடைக்காத நாளே அதிகம். அந்த நாட்களில் விழிப்பின் மூன்று மூச்சும், ராத்திரி பின்னோட்டமும் மட்டும் விடாமல் வைத்துக்கொள்ளுங்கள். கடலில் தங்கும் ராத்திரியில் காவலுக்கு முழித்திருக்கும்போது பின்னோட்டம் வேண்டாம், காவல் மட்டும். முறை மாறி அடுத்தவர் வந்து உட்கார்ந்ததும், படுக்கப் போகும்போது செய்யலாம்.